அப்பாவின் எக்சர்சைஸ் சைக்கிள்: இடது காலை அழுத்தினால் மட்டும் 'டக்' சத்தம், நாப்பை எவ்வளவு திருப்பினாலும் ஒரே எடை. வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

கெடிலக்கரை | வெள்ளி, இரவு 9.10

வணக்கம். கடலூர் புதுப்பாளையத்தில் இருக்கிறோம். மூன்று வருடம் முன்பு அப்பாவுக்காக வாங்கிய சைக்கிள், ஃபிளைவீல் என்கிற கனமான சக்கரம் முன்னால் பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும், 1 முதல் 8 வரை திருப்புகிற நாப் இருக்கும், சாதாரண காந்த வகைதான். அப்பாவுக்கு 67 வயது, சர்க்கரை உண்டு. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார், ஆனால் எங்கள் தெருவில் விடியற்காலையில் நாய்த் தொல்லை, மழைக்காலம் வந்தால் தெரு முழுக்கச் சேறு, அதனால் இந்த சைக்கிள்தான் அவருக்கு நடை. காலை ஐந்தரைக்கு ரேடியோவைப் போட்டுவிட்டு இருபது நிமிடம் மிதிப்பார், ஒரு நாள்கூட விடமாட்டார்.

இப்போது இரண்டு மாதமாக மூன்று பிரச்சினை. ஒன்று, மிதிக்கும்போது 'டக்... டக்...' என்று சத்தம். இரண்டு, நாப் 1ல் இருந்தாலும் 8ல் இருந்தாலும் எடை மாறவே இல்லை. மூன்று, டிஸ்ப்ளே செத்துவிட்டது, புது பேட்டரி போட்டும் வரவில்லை. கம்பெனிக்கு நான்கு முறை போன் செய்தேன், சென்னையிலிருந்து ஆள் வரவேண்டும் என்றார்கள், இரண்டு முறை தேதியும் கொடுத்தார்கள், யாரும் வரவில்லை. அப்பா "எடைக்குப் போட்டுடு" என்கிறார். ஆனால் பதினைந்து நாளாக அவர் மிதிக்காமல் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. வீட்டில் ஒரு ஸ்பேனர் செட், ஆலன் கீ, திருப்புளி இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

சில்வர்பீச் பக்கம் | வெள்ளி, இரவு 9.32

மூடியைக் கழற்றி உள்ளே நன்றாக எண்ணெய் விடுங்கள். எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய் விட்டோம், சத்தம் நின்றுவிட்டது.

பழைய ஃபிட்டர் | வெள்ளி, இரவு 10.05

தம்பி, தயவுசெய்து எண்ணெய் விடாதீர்கள். உள்ளே பெல்ட் இருக்கிறது. பெல்ட்டில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் வழுக்க ஆரம்பித்துவிடும், அப்புறம் பெல்ட்டையே மாற்ற வேண்டியதுதான். தேங்காய் எண்ணெய் சில வாரத்தில் பிசுபிசுவென்று தூசியைப் பிடித்துக்கொள்ளும், எந்த மிஷினுக்கும் அது ஆகாது. மேலே சொன்னவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எண்ணெய் விடுவது, வலி எங்கே என்று கேட்காமல் மாத்திரை கொடுப்பதற்குச் சமம்.

நான் முத்தியால்பேட்டை. மில்லில் 26 வருடம் ஃபிட்டர் வேலை. எந்த இயந்திரமாக இருந்தாலும் திறப்பதற்கு முன் காதை வைக்க வேண்டும். இதற்குப் பதில் சொல்லுங்கள்:

சத்தம் பெடல் ஒரு சுற்று சுற்ற ஒரு முறை வருகிறதா, இல்லை பல முறையா? ஒரு முறை என்றால் கோளாறு பெடலிலோ, பெடலைத் தாங்குகிற கிராங்க் கையிலோ, அதன் அச்சிலோதான். பெடல் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஃபிளைவீல் பல சுற்று சுற்றிவிடும், அதனால் சத்தம் கடகடவென்று வேகமாக வந்தால் ஃபிளைவீல் பேரிங்கையோ, பெல்ட்டை அழுத்திப் பிடிக்கிற சின்ன உருளையையோ சந்தேகப்படலாம். அடுத்தது, யாரும் உட்காராமல் கையால் பெடலைச் சுற்றினால் சத்தம் வருகிறதா? காலால் அழுத்தும்போது மட்டும் என்றால் எதுவோ லூசாக இருக்கிறது. எந்தக் கால் கீழே போகும்போது வருகிறது? நாப்பைத் திருப்பும்போது கையில் இறுக்கம் தெரிகிறதா, இல்லை காற்றில் திருப்புகிற மாதிரி இருக்கிறதா?

கெடிலக்கரை | சனி, காலை 7.15

நன்றி ஐயா. காலையில் அப்பாவை உட்கார வைத்துப் பார்த்தேன். ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு 'டக்'. கையால் சுற்றினால் சத்தமே இல்லை. இடது கால் மேலேயிருந்து கீழே இறங்கும் நேரத்தில்தான் வருகிறது. குனிந்து கையை வைத்துப் பார்த்தால் இடது பக்க கிராங்க் சத்தம் வரும்போது லேசாக அதிர்கிறது. நாப் சுத்தமாக லூஸ், ஒரு விரலால் திருப்பலாம். புதிதில் 6க்கு மேல் திருப்பவே கொஞ்சம் பலம் வேண்டியிருந்தது.

பழைய ஃபிட்டர் | சனி, காலை 8.40

பாதி வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தத்துக்கு: இரண்டு கிராங்கையும் இரண்டு கையால் பிடித்து பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். இடது மட்டும் ஆடி, வலது ஆடாமல் இருந்தால் இடது கிராங்க் அச்சில் தளர்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஆடினால் உள்ளே இருக்கிற பேரிங் போய்விட்டது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் மூடியைக் கழற்றாதீர்கள், வீண் வேலை.

கிராங்க் நடுவில் வட்டமாக ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், திருப்புளியால் நெம்பினால் வந்துவிடும். உள்ளே ஒரு நட்டோ போல்ட்டோ தெரியும், அநேகமாக 14 அல்லது 15 ஸ்பேனர், கிண்ணம் மாதிரி உள்ளே போகிற பாக்ஸ் ஸ்பேனர்தான் வேண்டும், திறந்த வாய் ஸ்பேனர் உள்ளே நுழையாது. அதை நன்றாக முறுக்குங்கள். எவ்வளவு என்றால், ஒரு அடி நீளக் கைப்பிடியின் முனையில் பன்னிரண்டு கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்ட அழுத்தம் வரவேண்டும். சும்மா மணிக்கட்டால் முறுக்கினால் போதாது, அதனால்தான் வீட்டில் மாட்டிய சைக்கிள்கள் எல்லாம் ஆறு மாதத்தில் ஆட ஆரம்பிக்கின்றன.

நாப்புக்கு: இதில் பிரேக் கட்டை மாதிரி உரசுகிற பொருள் கிடையாது. ஃபிளைவீல் விளிம்புக்குப் பக்கத்தில் வில் மாதிரி ஒரு பட்டை, அதில் காந்தங்கள். நாப்பைத் திருப்பினால் ஒரு கேபிள் அந்தப் பட்டையை சக்கரத்துக்குப் பக்கத்தில் இழுக்கும். காந்தத்துக்கு முன்னால் உலோகம் ஓடும்போது அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி ஓட்டத்தை எதிர்க்கிறது, அந்த எதிர்ப்புதான் காலுக்கு எடையாகத் தெரிகிறது. தொடவே தொடாது, அதனால் தேயாது. சக்கரம் வேகமாகச் சுற்றினால்தான் எதிர்ப்பும் கூடும், நிற்கிற வண்டியில் நாப்பைத் திருப்பிப் பார்த்து ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்லக்கூடாது. காந்தம் பழுதாவது அபூர்வம். உங்களுக்கு நாப் காற்றில் சுற்றுகிறது என்பதால் கேபிள் கழன்றிருக்கிறது, இல்லை அறுந்திருக்கிறது.

வில்லியனூர் வாசகி | சனி, காலை 9.20

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், கெடிலக்கரை தம்பி பெடலைத் தொடுவதற்கு முன் ஒன்று சொல்லிவிட வேண்டும். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். வலது பெடல் எல்லா திருகும் போல வலஞ்சுழியாக இறுகும், இடது பெடல் இடஞ்சுழியாகத்தான் இறுகும், கழற்ற வலஞ்சுழி. மிதிக்க மிதிக்க கழன்றுவிடக்கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். அச்சின் முனையில் எல், ஆர் என்று பொடி எழுத்தில் பொறித்திருக்கும்.

எனக்கு இது தெரியாது. வந்த அன்றே ஆசையாக நானே மாட்டினேன், இடது பெடல் உள்ளே போகவில்லை, இறுக்கமாக இருக்கிறது போல என்று பெரிய ஸ்பேனர் போட்டு பலத்தைக் காட்டினேன். மூன்று சுற்று போனது. நான்காம் நாள் மிதித்துக்கொண்டிருக்கும்போதே பெடல் கழன்று கால் தரையில் அடித்தது, கணுக்கால் வீங்கிப் பத்து நாள். கழற்றிப் பார்த்தால் கிராங்க் ஓட்டைக்குள் மரை மழுங்கி, இரும்புப் பொடி தலைமுடி போல சுருள் சுருளாக வெளியே வந்தது. சைக்கிள் கடையில் இடது மரை வெட்டுகிற டேப் என்ற கருவி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் பாண்டி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை பக்கம் ஒரு லேத் பட்டறையில் ஓட்டையைப் பெரிதாக்கி, புஷ் என்கிற உலோக வளையம் போட்டு, புதிதாக இடது மரை வெட்டிக் கொடுத்தார்கள். இரண்டு வருடமாக அசையவில்லை. இப்போது யார் வாங்கினாலும் நான் சொல்வது ஒன்றுதான், பெடலை முதல் நான்கு சுற்று விரலாலேயே திருப்புங்கள், விரலுக்குப் போகவில்லை என்றால் ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

பழைய ஃபிட்டர் | சனி, காலை 9.48

அம்மா சொன்னது நூறு சதவீதம் சரி. மாட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவிக்கொள்ளுங்கள். கடற்கரை ஊர்களில் கிரீஸ் இல்லாமல் மாட்டிய பெடல் துருப்பிடித்து கிராங்க்கோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் கழற்றவே முடியாது.

ரெயின்போ நகர் | சனி, பகல் 12.30

பேரிங் பற்றி பேச்சு வந்ததால் என் அனுபவம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கத்தில் கரையைக் கடந்தபோது எங்கள் கீழ் வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். பிரிட்ஜ், கட்டில் எல்லாம் பார்த்தோம், மூலையில் நின்ற சைக்கிளை யாரும் கவனிக்கவில்லை. ஒரு மாதம் கழித்து மிதித்தால் ஆட்டுக்கல் சுற்றுகிற சத்தம்.

திறந்து பார்த்தோம். ஃபிளைவீல் அச்சில் இரண்டு, கிராங்க் அச்சில் இரண்டு, ஆக நான்கு பேரிங். பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும், துருவைத் துடைத்தால் தெரியும். எங்களுக்கு ஃபிளைவீலில் 6001, கிராங்கில் 6003. பைக், மோட்டார், மின்விசிறி என்று எல்லாவற்றுக்கும் போகிற சைஸ், எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும், நான்கும் சேர்த்து ஒரு வேளை குடும்பத்தோடு ஹோட்டலில் சாப்பிடுகிற செலவுகூட ஆகவில்லை. கடைக்காரர் தகர மூடி வகை, ரப்பர் மூடி வகை இரண்டும் காட்டினார், நான் ரப்பர் வாங்கினேன், உப்புக்காற்றும் ஈரமும் உள்ளே போகாது. ஓட்டைக்குள் இறக்கும்போது பேரிங்கின் உள் வளையத்தில் அடித்தால் உள்ளே இருக்கிற குண்டு பழுதாகும் என்றார், அதனால் வெளி வளையத்தின் அளவுக்கு ஒரு குழாய்த் துண்டை வைத்து மெதுவாகத் தட்டி இறக்கினோம். அச்சில் ஏற்றுகிற இடத்தில் மட்டும் உள் வளையத்தில் தட்டவேண்டும், எது இறுக்கமாக உட்கார்கிறதோ அந்த வளையத்தில்தான் அடி.

இன்னொன்று, மூடியைக் கழற்றி வைத்துவிட்டு அரை மணி நேரம் சாப்பிடப் போனோம். என் தம்பி மகன், நான்கு வயது, பெடலைச் சுற்றிக்கொண்டு இன்னொரு கையை பெல்ட் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தான். நல்லவேளை என் மனைவி பார்த்தாள். ஃபிளைவீல் ஒருமுறை சுற்ற ஆரம்பித்தால் பெடலை விட்டாலும் நிற்காது. மூடி இல்லாத சைக்கிள் இருக்கிற அறையைப் பூட்டிவிட்டுத்தான் வெளியே வரவேண்டும்.

கெடிலக்கரை | ஞாயிறு, மாலை 5.50

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து பதினொன்றுக்கு முடித்தேன்.

ஆட்டிப் பார்த்தேன், இடது மட்டும்தான் ஆடியது. மூடியை நெம்பி 14 பாக்ஸ் ஸ்பேனர் போட்டு முறுக்கினால் ஒன்றரைச் சுற்று போனது. இவ்வளவு லூசாகவா அப்பா மிதித்துக்கொண்டிருந்தார் என்று இருந்தது.

அடுத்து கேபிள். ஹேண்டில்பார் நிற்கிற முன் தண்டு நான்கு ஆலன் போல்ட்டில் நிற்கிறது. தம்பி தூக்கிப் பிடித்துக்கொள்ள, நான் போல்ட்டைக் கழற்றினேன். தண்டுக்குள்ளே மேலிருந்து வருகிற கேபிளின் முனையில் மிளகு அளவுக்கு ஒரு ஈயக் குண்டு, கீழிருந்து வருகிறதில் ஒரு சின்னத் தகரக் கொக்கி. குண்டை கொக்கிக்குள் விட்டு மேலே இழுத்து பிளவில் மாட்டவேண்டும். எங்களுடையதில் குண்டு வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது, கொக்கி துருப்பிடித்து வாய் விரிந்திருந்தது. நாப்பை 1ல் வைத்தேன், கேபிளுக்குத் தளர்வு கிடைத்தது, கொக்கியின் வாயை குறடால் நெருக்கி மாட்டினேன். நாப் 3 வந்ததும் கையில் பழைய இறுக்கம் தெரிந்தது, அதைச் சொல்லவே சந்தோஷமாக இருக்கிறது.

தண்டுக்குள் டிஸ்ப்ளே வயர் இணைப்பும் இருந்தது, பச்சை பிடித்திருந்தது. அதைச் சுத்தம் செய்தும் டிஸ்ப்ளே வரவில்லை.

சில்வர்பீச் பக்கம் | ஞாயிறு, மாலை 6.25

எண்ணெய் விடச் சொன்னது என் தவறு, மன்னிக்கவும். டிஸ்ப்ளே விஷயத்தில் நான் உதவ முடியும், கடலுக்கு முந்நூறு மீட்டரில் இருக்கிறோம், எங்கள் வீட்டில் ரிமோட் முதல் கடிகாரம் வரை எல்லாவற்றுக்கும் இதே நோய்.

பேட்டரி போடும் இடத்தில் ஸ்பிரிங்கைப் பாருங்கள், வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்திருந்தால் பழைய பிளேடால் மெல்லச் சுரண்டி, பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். அதன் பிறகு டிஸ்ப்ளே எரிந்து வேகம் மட்டும் 0 காட்டினால் சென்சாரைப் பார்க்கவேண்டும். கிராங்கோடு சுற்றுகிற பெரிய பிளாஸ்டிக் சக்கரத்தில் ஒரு பொட்டுக் காந்தம் ஒட்டியிருக்கும், அதற்கு எதிரே சட்டத்தில் சென்சார். காந்தம் கடக்கும்போது உள்ளே இருக்கிற இரண்டு மெல்லிய தகடு ஒட்டிக்கொள்ளும், அதை வைத்துத்தான் சுற்றை எண்ணுகிறது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போனால் பல சமயம் எண்ணாது. பிரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தை சென்சார் முன் முன்னும் பின்னும் ஆட்டுங்கள், எண் நகர்ந்தால் சென்சார் நல்லது, இடைவெளிதான் பிரச்சினை.

முதலியார்பேட்டை பிசியோ | ஞாயிறு, இரவு 8.00

எல்லோரும் இயந்திரத்தையே பேசுகிறீர்கள், நான் அப்பாவைப் பற்றிக் கேட்கிறேன். சீட் எந்த உயரத்தில் இருக்கிறது? அவருக்கு முழங்காலில் வலி உண்டா?

கெடிலக்கரை | ஞாயிறு, இரவு 8.20

இருக்கிறது மேடம். சில்லுக்குக் கீழே, முன்பக்கம். வயசு என்று விட்டுவிட்டோம். சீட் வாங்கிய அன்று வைத்த மூன்றாவது ஓட்டையிலேயே இருக்கிறது, அதற்கு மேல் தண்டு நகரவில்லை.

முதலியார்பேட்டை பிசியோ | ஞாயிறு, இரவு 8.55

முழங்காலின் முன்பக்கம் வலித்தால் நான் முதலில் கேட்பது சீட் தாழ்வா என்றுதான். ஏறி இறங்க வசதி என்று வீட்டில் எல்லோரும் சீட்டைத் தாழ்வாக வைத்துவிடுகிறார்கள், அதனால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அளவுக்கு மேல் மடங்கி சில்லை அழுத்துகிறது. ஒரு நாளைக்கு ஆயிரம் மிதி என்று யோசித்துப் பாருங்கள்.

அவர் வழக்கமாகப் போடுகிற செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள். ஒரு பெடல் தரைக்குப் பக்கமாக, மிகக் கீழே இருக்கட்டும். குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீளவேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக்கூடாது. அப்புறம் பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், 25 முதல் 35 டிகிரி, அதுதான் சரி. மிதிக்கும்போது இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடினால் உயரம் அதிகம், ஒரு ஓட்டை இறக்குங்கள், இல்லையென்றால் முழங்காலின் பின்பக்கம் வலிக்கும். சீட் முன்னும் பின்னும் நகருமானால், கிராங்க் தரைக்கு இணையாக இருக்கும்போது முன் காலின் முழங்கால் பெடல் அச்சுக்கு நேர் மேலே வருமாறு வையுங்கள்.

பதினைந்து நாள் விட்டிருக்கிறார் என்பதால் முதல் வாரம் நாப் 2, பத்து நிமிடம் போதும். மிதித்துக்கொண்டே உங்களோடு பேச முடிய வேண்டும். நெஞ்சு அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் இறங்கிவிட வேண்டும், டாக்டரைப் பார்க்கவேண்டும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் என்பதால் வெறும் வயிற்றில் மிதிக்கலாமா என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.

பழைய ஃபிட்டர் | ஞாயிறு, இரவு 9.15

சீட் தண்டு துருவில் ஒட்டியிருக்கும். சீட் தண்டைப் பிடித்திருக்கிற நாப்பைக் கழற்றிவிட்டு, தண்டைச் சுற்றி துரு நீக்குகிற ஸ்பிரேயை அடித்து ராத்திரி முழுக்க விடுங்கள், காலையில் சீட்டை இடமும் வலமும் திருகி மேலே இழுங்கள். வெளியே வந்ததும் உப்புத்தாளால் துருவைத் தேய்த்து மெல்லிசாக கிரீஸ் தடவுங்கள். அந்த ஸ்பிரே துருவை இளக்குவதற்கு மட்டும்தான், அதையே பேரிங்கில் அடித்தால் உள்ளே இருக்கிற கிரீஸைக் கரைத்துவிடும். அப்புறம், மிதித்து முடித்ததும் தண்டையும் போல்ட்டையும் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். கடல் காற்றைவிட, சொட்டுகிற வியர்வையில் உப்பு அதிகம்.

கெடிலக்கரை | புதன், இரவு 9.40

சீட் வந்துவிட்டது, இரண்டு ஓட்டை ஏற்றினோம், எந்த ஓட்டை என்று நெயில் பாலிஷால் பொட்டு வைத்துவிட்டேன். டிஸ்ப்ளே ஸ்பிரிங் துருதான், இப்போது எரிகிறது, எண்ணுகிறது.

ஆனால் சத்தம் திரும்ப வந்துவிட்டது ஐயா. முன்பு போல இல்லை, சின்னதாக. நட்டு அரைச் சுற்று மறுபடி போனது.

பழைய ஃபிட்டர் | புதன், இரவு 10.10

எதிர்பார்த்தேன். அச்சின் முனை சதுரம், கிராங்க் ஓட்டையும் சதுரம். இரண்டு மாதம் லூசாக மிதித்ததில் ஓட்டையின் மூலைகள் உருண்டுபோயிருக்கும். இனி எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது. தகரத் துண்டு சொருகி இறுக்கிக் கொடுப்பார்கள், அது பத்து நாள் வரும், அச்சின் மூலையையும் தின்றுவிடும். இடது கிராங்க்கை மட்டும் மாற்றுங்கள், அச்சு இரும்பு கடினம், பெரும்பாலும் தப்பித்திருக்கும்.

கழற்ற புல்லர் வேண்டும், கிராங்க்கை அச்சிலிருந்து இழுத்து எடுக்கிற கருவி, 22 மில்லி மரை உள்ளது. நட்டையும் உள்ளே இருக்கிற வாஷரையும் எடுத்துவிட்டு, புல்லரை கையாலேயே கடைசி மரை வரைக்கும் உள்ளே செலுத்திவிட்டு அப்புறம்தான் நடு போல்ட்டைத் திருப்பவேண்டும். பாதி மரையில் நிறுத்தி இழுத்தால் மரை பிய்த்துக்கொண்டு வரும். சுத்தியலால் பின்னாலிருந்து அடிக்காதீர்கள், பேரிங்தான் அடிபடும்.

கெடிலக்கரை | திங்கள், இரவு 8.30

திருப்பாதிரிப்புலியூரில் மூன்று சைக்கிள் கடை ஏறி இறங்கினேன், பழைய மாதிரி சைக்கிளில் கிராங்க்கைப் பிடித்து நிறுத்துகிற காட்டர் பின்னை அடிக்கிற சாமான் எல்லாரிடமும் இருக்கிறது, புல்லர் இல்லை. ஆன்லைனில் வாங்கினேன். பழைய கிராங்க்கைக் கையில் எடுத்துச் சென்று அதே நீளம், 170 மில்லி, அதே சதுர ஓட்டை, இடது மரை என்று மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து ஒன்று வாங்கினேன். பழையதன் ஓட்டையை வெளிச்சத்தில் பிடித்தால் ஐயா சொன்னது அப்படியே தெரிந்தது, நான்கு மூலையில் இரண்டு வட்டமாகி, உள்ளே கண்ணாடி மாதிரி பளபளவென்று தேய்ந்திருந்தது.

இன்று காலை ஐந்தரைக்கு எனக்கு விழிப்பு வந்தது ரேடியோ சத்தத்தில்தான். சைக்கிள் சத்தம் கேட்கவே இல்லை, எழுந்து போய்ப் பார்த்தால் அப்பா மிதித்துக்கொண்டிருக்கிறார். முழங்கால் எப்படி இருக்கிறது என்றேன், "முன்ன மாதிரி இல்ல, பரவால்ல" என்றார்.

வில்லியனூர் வாசகி | திங்கள், இரவு 8.52

படிக்கவே நிறைவாக இருக்கிறது தம்பி.

பழைய ஃபிட்டர் | திங்கள், இரவு 9.05

நல்லது. புது கிராங்க் உட்கார்ந்து செட் ஆகும், பத்து நாள் கழித்து ஒரே ஒரு முறை நட்டைப் பாருங்கள். அதிலும் நகர்ந்தால் அச்சைப் பார்க்கவேண்டும், நகரவில்லை என்றால் அதோடு தொடாதீர்கள். புல்லரைத் தூக்கி எறியாதீர்கள், யாருக்காவது வேண்டியிருக்கும்.

சில்வர்பீச் பக்கம் | திங்கள், இரவு 9.11

எனக்கே வேண்டும். எங்கள் வீட்டு வண்டியை ஆட்டிப் பார்த்தேன், வலது பக்கம் ஆடுகிறது.

கெடிலக்கரை | அடுத்த வியாழன், காலை 6.30

பத்து நாள் ஆகிவிட்டது. ஸ்பேனர் போட்டுப் பார்த்தேன் ஐயா, கால் சுற்றுகூட நகரவில்லை. புல்லர் சில்வர்பீச் நண்பரிடம் போயிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போகிறேன், ஒருவர் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்.